வானம் மட்டும் நீலமாக வேண்டும்

மலையும் வயலும் வானமும் சேர்ந்த காட்சி ஒன்றைப் புகைப்படம் எடுக்கிறீர்கள். கண்ணால் பார்த்தபோது வானம் நல்ல நீலமாக இருந்தது. படத்திலோ அரிசி களைந்த நீரைப் போல் வெளிறிக் கிடக்கிறது. இந்த ஏமாற்றம் உங்களில் பலருக்கும் ஏற்பட்டிருக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவர் ஒருவர் இப்படிப்பட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள அவருடைய தாத்தாவின் வயல் அது. முன்னால் நெற்பயிர், நடுவே வெள்ளையடித்த பம்ப்செட் அறை, இரண்டு தென்னை மரங்கள், நாலைந்து கொக்குகள், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, அதற்கு மேல் அந்த வெளிறிய வானம். கைப்பேசியில் உள்ள படம் திருத்தும் செயலியைத் திறந்து, நீல நிறத்துக்கு உரிய ஸ்லைடரை அவர் வலப்பக்கம் இழுத்திருக்கிறார். வானம் நீலமாகிவிட்டது. ஆனால் மலையும் மைக்குப்பியைக் கவிழ்த்தாற்போல ஆகிவிட்டது. பம்ப்செட் அறையின் நிழல் பக்கத்துச் சுவரோ, நீலம் அதிகமாகப் போட்டு அலசிய வேட்டியின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"வானத்தை மட்டும் மாற்ற முடியாதா, சார்?" என்று கேட்டார்.

முடியும். ஆனால் மலையும் சுவரும் ஏன் வானத்தின் கூடவே போயின என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்தால் வழியும் தானே தெரியும்.

நிறத்துக்கு ஒரு கோணம்

கணிப்பொறியில் படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு: சிவப்பு, பச்சை, நீலம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மாணவரின் படத்தில் வானத்துப் புள்ளி ஒன்றை எடுத்துப் பார்த்தோம். சிவப்பு 160, பச்சை 195, நீலம் 225. மலையில் ஒரு புள்ளி: 100, 125, 150.

பார்த்தால் இரண்டும் வேறு வேறு எண்கள். ஆனால் ஸ்லைடர் இந்த மூன்று எண்களை அப்படியே பார்ப்பதில்லை. நிறங்களை எல்லாம் ஒரு வட்டத்தின் மேல் அடுக்கி வைத்து, புள்ளியின் நிறம் அந்த வட்டத்தில் எந்தக் கோணத்தில் விழுகிறது என்று பார்க்கிறது. சிவப்புக்கு 0 பாகை, மஞ்சளுக்கு 60, பச்சைக்கு 120, பச்சைநீலத்துக்கு 180, நீலத்துக்கு 240 பாகை. கணக்கு எளிது. மூன்று எண்களில் நீலம் பெரியது என்றால், சிவப்பிலிருந்து பச்சையைக் கழியுங்கள். வருவதைப் பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். அத்துடன் 4 கூட்டி, 60 ஆல் பெருக்குங்கள்.

வானத்துக்குச் செய்வோம். 160 கழித்தல் 195, அதாவது −35. அதை 65 ஆல் வகுத்தால் ஏறத்தாழ −0.54. நாலைக் கூட்டினால் 3.46, அறுபதால் பெருக்கினால் 208 பாகை. மலைக்கு: −25 வகுத்தல் 50, அதாவது −0.5. நாலைக் கூட்டினால் 3.5, அறுபதால் பெருக்கினால் 210 பாகை. இரண்டுக்கும் இடையே இரண்டே பாகைதான்! பம்ப்செட் அறையின் நிழல் சுவரில் ஒரு புள்ளி 170, 182, 200. அதன் கோணம் 216 என்று வரும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஸ்லைடரின் கணக்கில் வானமும் மலையும் சுவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இது தற்செயலா? இல்லை. மலையில் உள்ள மரங்கள் பச்சைதான். ஆனால் நமக்கும் மலைக்கும் இடையே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சிவப்பைவிட நீலத்தை மிக அதிகமாகச் சிதறடிக்கின்றன. வானம் ஏன் நீலம் என்பதற்கு ராலே பிரபு 1871 இல் தந்த விளக்கம் இதுதான். அந்தச் சிதறிய நீலம் மலையின் மேல் திரையாகப் படிகிறது. ஆகவே தொலைவில் நாம் காணும் மலையின் நீலம் மலையின் நிறமே அன்று. நமக்கும் அதற்கும் இடையில் உள்ள வானத்தின் நிறம்! நிழல் சுவரின் கதையும் இதுவே. வெயில் நேராகப் படாத அந்தச் சுவருக்கு வெளிச்சம் தருவது பெரும்பாலும் வானம்தான். வெள்ளைச் சுவர் கிடைத்த ஒளியை அப்படியே திருப்பித் தருகிறது.

ஆக, நிறத்தை மட்டும் சொல்லி வானத்தைப் பிரிக்க இயலாது. நிறத்தோடு இடத்தையும் சொல்ல வேண்டும்.

இங்கே நெற்பயிரைப் பற்றி ஒரு வார்த்தை. பயிரில் ஒரு புள்ளி 120, 160, 60 என்று இருந்தது. பச்சை பெரியதாக இருந்தால், நீலத்திலிருந்து சிவப்பைக் கழித்து, முன்போல வகுத்து, 4 க்குப் பதில் 2 கூட்ட வேண்டும். விடை 84 பாகை. பச்சைக்கு உரிய 120 ஐவிட மஞ்சளுக்கு உரிய 60 க்குத்தான் இது அருகில் இருக்கிறது. புல்வெளியைத் திருத்த முயன்றவர்கள் "பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் புல் அசையவில்லையே" என்று குறைப்படுவது இதனால்தான். அவர்கள் இழுக்க வேண்டியது மஞ்சளை. இந்த 84 பாகையை நினைவில் வையுங்கள். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

பழைய வானம், பழைய தந்திரம்

வெளிறிய வானத்தோடு புகைப்படக்காரர்கள் மல்லுக்கட்டியது இன்று நேற்றல்ல. 1850 களில் கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார்கள். அந்தத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும்; சிவப்பும் பச்சையும் அநேகமாகத் தெரியாது. கடலும் கரையும் பதிய வேண்டிய நேரம் தகட்டைத் திறந்து வைத்தால், வானம் அளவுக்கு மீறிப் பதிந்து வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் இருந்த சுவடே தெரியாது.

பிரான்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் கஸ்டாவ் ல கிரே இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் எடுத்தார். அச்சிடும்போது ஒரே தாளில் கடல் பதியும் நேரத்தில் வானத்தின் இடத்தை மூடி வைத்தார். பிறகு கடலை மூடிவிட்டு வானத்தைப் பதித்தார். இரண்டும் தொடுவானத்தில் ஒட்டிக்கொண்டன. மத்தியதரைக் கடலோரத்துச் செட் துறைமுகத்தில் 1857 இல் அவர் எடுத்த பெரிய அலையின் படம் அப்படிப் பிறந்ததுதான். ஒரே வானத்தை அவர் வேறு வேறு கடல்களுக்கு மேல் பயன்படுத்தியதும் உண்டு!

மற்றொரு வழி, கேமராவின் முன்னால் வண்ண வடிகட்டியைப் பொருத்துவது. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் என்ற பெரும் பாறையைப் படம் எடுக்க மலை ஏறினார். முதலில் மஞ்சள் வடிகட்டியோடு ஒரு தகடு. வானம் சாதாரணச் சாம்பல் நிறமாகவே வரும் என்று அவருக்குத் தோன்றிற்று. கையில் எஞ்சியிருந்த தகட்டை அடர்சிவப்பு வடிகட்டியோடு எடுத்தார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுத்துவிடும் அல்லவா? வானம் ஏறக்குறைய கறுப்பாகவே பதிந்தது. பாறை அதன் முன்னால் எழுந்து நின்றது. ஆனால் கவனியுங்கள். வானொளி மட்டும் பட்ட நிழல்களும் கூடவே கறுத்துவிட்டன. வடிகட்டிக்கும் நம் மாணவரின் ஸ்லைடருக்கும் ஒரே குறை: அவற்றுக்கு நிறம் தெரியும், இடம் தெரியாது. ஆடம்ஸுக்கு அந்தக் கறுத்த நிழல்களே அழகாக அமைந்தன. நமக்கு நீலச் சுவர் அமைந்தது!

மாஸ்க் என்பது என்ன?

கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி, விளக்கு, கைப்பிடி ஆகியவற்றின் மேல் பழைய செய்தித்தாளை வைத்து ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டுத்தான் பெயிண்டைப் பீய்ச்சுவார்கள். தாள் மூடிய இடத்தில் பெயிண்ட் படாது. அந்த டேப்புக்கு 'மாஸ்கிங் டேப்' என்றே பெயர். ல கிரே செய்ததும் இதே வேலைதான்.

படம் திருத்தும் மென்பொருள்களில் இது 'லேயர் மாஸ்க்' என்ற பெயரில் இருக்கிறது. ஃபோட்டோஷாப் 1990 இல் வெளிவந்தது. ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தைத் தாள்போல அடுக்கும் லேயர் வசதி 1994 இல்தான் அதில் சேர்ந்தது. விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்றால் கிம்ப் என்ற இலவச மென்பொருள் உண்டு. அதை 1995 இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள். நாங்கள் பயன்படுத்தியது அதைத்தான்.

படத்தை ஒரு லேயராக வைத்து, அதன் மேல் அதே படத்தின் நகலை இன்னொரு லேயராக வைத்தோம். மேல் நகலில் வானம் வேண்டிய அளவு நீலமாகும்வரை ஸ்லைடரை இழுத்தோம். மலையும் சுவரும் கெட்டுத்தான் போயின. போகட்டும் என்று விட்டுவிட்டோம். பிறகு மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்தோம். மாஸ்க் என்பதும் ஒரு படமே. அதே அளவு, அதே எண்ணிக்கைப் புள்ளிகள். ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே ஓர் எண். 255 என்றால் வெள்ளை: மேல் லேயர் முழுதாகத் தெரியும். 0 என்றால் கறுப்பு: மேல் லேயர் மறைந்து கீழே உள்ள பழைய படம் தெரியும். இடையில் உள்ள சாம்பல் நிறங்களுக்கு? அங்கேதான் செய்தித்தாளைவிட இது உயர்ந்து நிற்கிறது. தாளுக்கு மூடவோ விடவோதான் தெரியும். மாஸ்க்குக்குக் 'கொஞ்சம் விடு' என்றாலும் புரியும்.

கணக்கு இதோ:

புதிய எண் = பழைய எண் + (மாற்றிய எண் − பழைய எண்) × மாஸ்க் எண் ÷ 255

வானத்துப் புள்ளி 160, 195, 225 ஆக இருந்து, மேல் லேயரில் 110, 160, 220 ஆகியிருக்கிறது என்று கொள்வோம். மாஸ்க் 255 என்றால் 110, 160, 220 அப்படியே வரும். மாஸ்க் 0 என்றால் பழைய எண்களே. மாஸ்க் 51 என்றால், அது 255 இல் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே மாற்றத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான் வரும்: 150, 188, 224. எவ்வளவு பெரிய மென்பொருளாக இருந்தாலும் உள்ளே நடப்பது இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான்.

மலை விளிம்பின் வழியாகத் தூரிகையால் மாஸ்க்கில் வெள்ளை பூசுவது எளிதாக இருந்தது. தென்னை ஓலைதான் படுத்திவிட்டது. ஒவ்வொரு கீற்றுக்கும் இடையில் வானம் எட்டிப் பார்க்கிறது. கையால் பூசினால் ஓலையைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று தங்கிவிடும். கடையில் விற்கும் வாழ்த்து அட்டைகளில் மரத்தைச் சுற்றி இப்படி ஓர் ஒளிவட்டம் இருப்பதைப் பார்த்திருக்கலாம். மரத்துக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், மாஸ்க் சரியில்லை என்று பொருள்.

இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. படத்தின் மூன்று எண்களில் நீல எண்ணை மட்டும் தனியே எடுத்துக் கறுப்பு வெள்ளைப் படமாக்கிப் பாருங்கள். வானத்தில் நீலம் 225. ஆகவே அது அநேகமாக வெள்ளை. மலையில் 150, நடுத்தரச் சாம்பல். பயிரில் 60; ஓலையிலும் குறைவுதான்; எனவே கருமை. இப்போது 170 க்குக் கீழே உள்ளதை எல்லாம் 0 ஆகவும், 215 க்கு மேலே உள்ளதை எல்லாம் 255 ஆகவும், இடையில் உள்ளதைப் படிப்படியாகவும் ஆக்கிவிட்டால் என்ன கிடைக்கும்? கீற்றுக்குக் கீற்று துல்லியமான மாஸ்க்! படம் தனக்கு வேண்டிய மாஸ்க்கைத் தானே வரைந்து கொடுத்துவிடுகிறது. பாதி ஓலையும் பாதி வானமுமாக உள்ள விளிம்புப் புள்ளிகளுக்குச் சாம்பல் நிறம் வருவதால் வெட்டியது போன்ற கோடும் தெரியாது.

நீலத்தை மட்டும் காணும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் எதை ஒத்திருக்கிறது, சொல்லுங்கள்? ல கிரே பயன்படுத்திய தகட்டை! அவரை வருத்திய வெள்ளை வானம் நமக்கு வேலைக்காரனாகிவிட்டது.

கொக்குகளும் வெயில் பட்ட சுவரும்கூட மாஸ்க்கில் வெள்ளையாக வந்துவிட்டன. அவை மிகவும் பிரகாசமானவை அல்லவா? அவற்றின் மேல் கறுப்புத் தூரிகையை ஓட்டி மூடினோம். இரண்டு நிமிட வேலை.

ஓர் எச்சரிக்கை. படத்தில் வானம் 255, 255, 255 என்று முழு வெள்ளையாக இருந்தால் எந்த மாஸ்க்கும் உதவாது. பெரிய எண்ணுக்கும் சிறிய எண்ணுக்கும் வித்தியாசம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அந்தப் புள்ளிக்கு நிறக் கோணமே கிடையாது. இல்லாத நிறத்தைக் கூட்டுவது எப்படி? ஆகவே படம் எடுக்கும்போதே கைப்பேசித் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறி இழுப்பதும் ஆகாது. வானம் முழுவதும் இருபது படிநிலைகளே இருக்கும்போது அதை அறுபது படிகளுக்கு நீட்டினால், இடைவெளிகள் பட்டை பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும்.

தாத்தா கேட்ட படம்

வானம் சரியானதும் மாணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மறுநாள் படத்தை மீண்டும் கொண்டுவந்தார். "பயிரையும் பச்சையாக்கிவிட்டேன், சார்! நீங்கள் சொன்னபடி மஞ்சளைத்தான் இழுத்தேன்" என்றார். அழகான மாஸ்க், வயல் முழுவதும் ஒரே சீரான பச்சை. காலண்டரில் போடலாம்.

பழைய படத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். வயலின் இடது மூலையில் பயிர் ஒரு திட்டாக மஞ்சளித்திருந்தது. அங்கே ஒரு புள்ளி 190, 185, 70, கோணம் 58. நல்ல பயிரின் 84 க்கும் இதற்கும் 26 பாகை வித்தியாசம். புதிய படத்தில் அந்த வித்தியாசம் இல்லை. விசாரித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது: அந்தப் படத்தை எடுக்கச் சொன்னவரே தாத்தாதான். மூலையில் பயிர் மஞ்சளிப்பதை வேளாண்மை அலுவலருக்குக் கைப்பேசியில் அனுப்பிக் கேட்க வேண்டும் என்று எடுக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல வேளை, பேரன் இன்னும் அனுப்பவில்லை.

மஞ்சள் என்றால் ஒரே காரணம் அல்ல. தழைச்சத்துக் குறைந்தால் கீழே உள்ள முதிய இலைகள் முதலில் மஞ்சளிக்கும். ஏனெனில் பயிர் அந்தச் சத்தை எடுத்து இளம் இலைகளுக்கு அனுப்பிவிடுகிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் மாறாக இளம் இலைகள்தாம் முதலில் வெளிறும். துங்ரோ என்ற நச்சுயிரி நோயிலும் இலை மஞ்சளாகும், ஆரஞ்சு நிறம் கலந்து. எந்த இலை, எந்த மஞ்சள் என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது. தழைச்சத்தைக் கணிக்க விவசாயிகள் இலை வண்ண அட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். மஞ்சள் கலந்த பச்சை முதல் கரும்பச்சை வரை பட்டைகள் கொண்ட அட்டை அது. வெயில் நேரே படாமல் தம் உடம்பால் மறைத்துக்கொண்டு, இலையை அதன்மேல் வைத்து ஒப்பிடுவார்கள். நிறத்தில் ஒரு பட்டை தவறினால் உரத்தின் கணக்கும் தவறிவிடும்.

மாணவர் சும்மா இருக்கவில்லை. "கேமராவும் நிறத்தை மாற்றுகிறதே, சார்? அது மட்டும் சரியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கேமராவில் ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறங்களையும் அளப்பதில்லை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி ஒரு புள்ளியின் மேல் ஒரு நிறக் கண்ணாடிதான் இருக்கும். மற்ற இரண்டு எண்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கணக்கிட்டு நிரப்புகிறார்கள். அதற்கு மேல், வெளிச்சம் எந்த நிறம் என்று கேமரா தானாக ஊகித்து முழுப் படத்தையும் திருத்துகிறது. சில கைப்பேசிகள் இலையைக் கண்டால் பச்சையையும் வானத்தைக் கண்டால் நீலத்தையும் தாமே கூட்டிவிடுகின்றன.

ஆனால் முழுப் படத்தையும் ஒரே விதியால் திருத்துவது வேறு. மாஸ்க் வைத்து ஒரு பகுதியை மட்டும் திருத்துவது வேறு. முதலாவதில் நல்ல பயிரும் நோயுற்ற பயிரும் சேர்ந்தே நகரும். எது எதைவிட மஞ்சள் என்பது தப்பிப் பிழைக்கும். இரண்டாவதில் அந்த உறவே அறுந்துவிடும். மாஸ்க்கின் திறமையே அதுதான்.

எனவே அடுத்த சனிக்கிழமை அவர் மறுபடி வயலுக்குப் போனார். கைப்பேசியில் தானாக நிறம் கூட்டும் வசதியை நிறுத்திவிட்டு, மஞ்சளித்த பயிரின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். வெள்ளைத் தாளில் மூன்று எண்களும் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். 231, 226, 208 என்று இருந்தது. அதாவது படம் முழுவதிலும் மஞ்சள் சற்றுத் தூக்கலாகப் பதிந்திருந்தது. தாளின் எண்கள் சமமாகும்வரை படம் முழுவதையும் ஒரே அளவில் திருத்தினார். முதிய இலை ஒன்றையும் இளம் இலை ஒன்றையும் அருகருகே வைத்து இன்னொரு படம். இரண்டையும் அலுவலருக்கு அனுப்பினார்.

நீல வானப் படத்தை அவர் அழிக்கவில்லை. அழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பயிரைப் பச்சையாக்கிய லேயரை மட்டும் நீக்கினார். லேயர்களோடு சேமித்து வைத்தால் கீழே உள்ள பழைய படம் ஒரு புள்ளிகூட மாறாமல் இருக்கும். லேயரின் பக்கத்தில் உள்ள கண் அடையாளத்தை ஒருமுறை தட்டினால் வெளிறிய வானம். மறுமுறை தட்டினால் நீல வானம். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. மூலையில் மஞ்சள் திட்டும் அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு. கொக்கின் இறகில் ஒரு புள்ளி 240, 243, 248. அதன் கோணத்தைக் கணக்கிடுங்கள்; 218 அளவில் வரும். நிழல் சுவரின் 216 க்கு அவ்வளவு அருகில்! அப்படியிருந்தும் ஸ்லைடரை இழுத்தபோது சுவர் நீலமாயிற்று, கொக்கு வெள்ளையாகவே நின்றது. ஏன்? நீங்கள் எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்பதை இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுப் பாருங்கள்.